ஓடைக்கு அந்தப் பக்கம்

என் மகனுக்கு அப்போது ஐந்தரை வயது. அவன் பிறந்த பிறகு அவனுடைய அப்பா வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஐந்து மாதம் தேறாது. என் கணவருக்கு மஸ்கட்டில் ஏசி பழுது பார்க்கும் வேலை. தினமும் சாயங்காலம் போனில் அப்பாவிடம் மூச்சுவிடாமல் பேசுகிற பையன், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நேரில் வந்து நின்றவரைப் பார்த்ததும் என் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். "வீட்டுக்குப் போயி அப்பாக்கு வீடியோ கால் போடுவோம்மா" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார். ஆனால் களியக்காவிளை தாண்டும்வரை கார் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவோம் என்று அவர் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூட்டாளிகளோடு அவர் ஏறிய பாறை ஒன்று தடிக்காரன்கோணத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களைத் தாண்டி இருக்கிறது. "அங்க நின்னு பாத்தா நம்ம ஊரு குளம் முச்சூடும் கண்ணாடி மாதிரி கெடக்கும், கேட்டியா" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து வயது மகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மகன் என் முகத்தைப் பார்த்தான்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். தோவாளைப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து வயலும் வயலின் முடிவில் மலையும் தெரியும். மலையில் மேகம் இறங்கியிருந்தால் துணி காயப்போட மாட்டோம். மலையோடு எனக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான். நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க நாற்காலி. ஏறி இறங்கத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "பிள்ளியளே ஏறும், உனக்கென்னட்டி?" என்றார்.

புரட்டாசி கடைசி, பூஜை விடுமுறை. வடசேரியில் பஸ் ஏறியபோது நல்ல வெயில். இறங்கிய இடத்தில் ஒரு சாயாக்கடை இருந்தது. கடைக்காரர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்கு முன்ன எறங்கிரணும் பாத்துக்கிடுங்க. இப்பம் ஒரு வாரமா மூணு மணி ஆனா மேல அடிச்சு ஊத்துகு" என்றார். என் கணவர் தலையாட்டினார். நானும் கேட்டேன். இதை எழுதுவது, எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று நான் எங்கும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் வழியில் முதல் தூறல் விழுந்தது. பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு மாட்டினேன். மாட்டி முடிப்பதற்குள் வெயில் அடித்தது. கழற்றி மடித்துப் பையில் வைத்தேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் மழை, மறுபடியும் வெயில். மூன்றாவது முறை நான், "திரும்பிருவோம் அத்தான்" என்றேன். "இது சாரல்தாம்ட்டி, இப்பம் விட்டிரும்" என்றார். சொன்ன மாதிரியே விட்டது. எங்களை ஏமாற்றியது அதுதான். ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டதால், இந்த மலையில் மழை என்றால் இவ்வளவுதான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு ஓடை. பத்துப் பன்னிரண்டு அடி அகலம் இருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. நடுவில் பெரிய கற்கள் வரிசையாகக் கிடந்தன. மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியே கடந்துவிட்டாள். அவர் மகனைத் தூக்கக் கை நீட்டினார். அவன் "அம்மா" என்றான். நான்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு கடந்தேன்.

பாறைக்குப் போய்ச் சேர ஒரு மணி தாண்டிவிட்டது. சொன்னது போலவே ஊர்க் குளங்கள் எல்லாம் தெரிந்தன. கிழக்கே தூரத்தில் காற்றாலைகள் வெள்ளைக் குச்சிகளாக நின்றன. இட்லியையும் மிளகாய்ப் பொடியையும் பிரித்தேன். அவர் எங்கள் வீடு இருக்கும் திசையைக் காட்டி, அது எந்தக் கோயில், இது எந்தக் குளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் மகள், "அப்பா, காத்தாடியக் காணோம்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். காற்றாலைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. ஒரு சாம்பல் நிறத் திரை வயல்களின் மேல் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் மலை உச்சி இருந்த இடத்தில் கறுப்பைத் தவிர எதுவும் இல்லை. குளிர்ந்த காற்று ஒன்று எழுந்து இட்லி சுற்றி வந்த இலையைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் மிச்ச இட்லியைப் பைக்குள் திணித்தார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நான் பிள்ளைகளை எழுந்திருக்கச் சொன்னேன்.

இறங்கும் வழி முழுக்க மழை. தூறலாகத் தொடங்காமல் எடுத்த எடுப்பிலேயே கனத்த மழை. பாதையே சின்ன ஓடையாகக் காலுக்கடியில் ஓடியது. இடி தலைக்கு மேல் இடித்தது. இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். மகன் அழுதான், ஆனால் அழுகிற சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும்தான் தெரிந்தது.

ஓடைக்கு வந்தபோது அது ஓடையாக இல்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில், இலையும் சுள்ளியுமாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மிதித்து வந்த கற்களின் தலை மட்டும் தெரிந்தது.

"முட்டளவுதான் இருக்கு. நிக்காண்டாம், இப்பமே தாண்டிருவோம்" என்றார். "மொதல்ல சின்னவன அங்க விட்டுட்டு வாறேன். நீயும் பிள்ளையும் இங்கயே நில்லுங்க. நான் வராம எறங்காதிங்க."

மகன் அவரிடம் போக மாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நான் அவன் விரல்களைப் பிரித்து அவரிடம் கொடுத்தேன். அவர் அவனைத் தோளில் உட்கார வைத்து, பையை முன்னால் மாட்டிக்கொண்டு இறங்கினார். என் போன் அந்தப் பைக்குள் இருந்தது. முட்டுக்கு மேல் தண்ணீர். மெல்ல மெல்லக் கால் வைத்துக் கடந்துவிட்டார். அந்தக் கரையில் அவனை ஒரு பாறைமேல் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

அந்த நேரத்தில் சத்தம் மாறியது. அதுவரை இரைச்சலாக இருந்தது, தரை அதிர்கிற சத்தமாக ஆனது. மேலே எங்கேயோ பெய்த மழை அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஒரு சின்ன மரம் வேரோடு உருண்டு வந்து நடுக்கல்லில் மோதி, நிமிர்ந்து நின்று, விழுந்து போனது. அடுத்த நிமிடம் கற்கள் தெரியவில்லை. நாங்கள் நின்ற இடத்துக்கே தண்ணீர் ஏறிவந்தது. மகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால் அவர் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"வராதிங்க!" என்று கத்தினேன். என் சத்தம் என் காதுக்கே எட்டவில்லை. தொடை வரை இறங்கியவர் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ கரையேறினார். பாறைமேல் மகன் தனியாக நின்றுகொண்டிருந்தான். அவர் போய்விட்டால் அந்தக் கரையில் அவன் ஒருவன்தான். வராதே, வராதே என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். கைகளை ஆட்டுவது கூப்பிடுவது போலவும் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர் மறுபடியும் தண்ணீரைப் பார்த்து வந்தார்.

மகள் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காரும்மா. நாம நின்னா அப்பா வருவாவ. உக்காந்துட்டா வரமாட்டாவ."

உட்கார்ந்தோம். சேற்றில், அவருக்குத் தெரியும்படி, சம்மணம் போட்டு. அவர் நின்றார். எங்களையே பார்த்தார். பிறகு போய் மகனைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான் பார்த்தேன். மலையிலிருந்து மேகம் இறங்கி ஓடையை மூடிவிட்டது.

மொட்டை மாடியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த மேகம்தான் அது. உள்ளே இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரின் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஓடை எந்தப் பக்கம் என்பதே குழம்பியது. மின்னல் வந்தபோது சுற்றிலும் வெள்ளையாக எரிந்து அணைந்தது. மரத்தடியில் இருக்கக் கூடாது என்று மட்டும் நினைவு வந்து, மகளை ஒரு தாழ்ந்த பாறைக்கருகில் இழுத்துப்போய் மடியில் வைத்துக்கொண்டேன். வரும்போது வழியில் யானைச் சாணம் கிடந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"ஆனை வருமாம்மா?"

"இந்த மழையில வராது மக்கா."

வருமா வராதா என்று எனக்கு என்ன தெரியும்?

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் என் மனது போன போக்கை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் வரக் கூடாது, மகனோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதே வாயால், எங்களுக்கு ஏதாவது ஆவதற்குள் அவர் வந்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு முறை தண்ணீரில் ஏதாவது மோதும் சத்தம் கேட்டபோதும், அது அவர்தான் என்று தோன்றியது. பிறகு, அவர் இறங்கிப் போய்விட்டார், மகன் மட்டும் பாறைமேல் நிற்கிறான், வழுக்குகிறான் என்று தோன்றியது. ஒரு தடவை அப்படித் தோன்றிய பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அவன் "அம்மா" என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் கேட்டது.

நான் எழுந்து நடந்திருக்கிறேன். மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டது நினைவில் இல்லை. கால் விரல்களில் தண்ணீர் பட்டு இழுத்தது நினைவிருக்கிறது. பின்னாலிருந்து என் துப்பட்டாவை யாரோ பிடித்து இழுக்க, கழுத்து இறுகி நின்றேன்.

"நீ போனா நான் தனியால்லா நிக்கணும்" என்றாள் மகள்.

அழாமல்தான் சொன்னாள். இரண்டு கையிலும் துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்திருந்தாள். அவர் எதைச் செய்துவிடக் கூடாது என்று அவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தேனோ, அதையே நான் செய்யப் போயிருக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் துப்பட்டாவை விடவே இல்லை.

மேகம் கிழிந்து கிழிந்து விலகியது. முதலில் தண்ணீர் தெரிந்தது. பிறகு அந்தக் கரையின் வேர்கள். பிறகு பாறை. பாறையில் யாரும் இல்லை.

மகள் ஒரு சத்தம் போட்டாள். அதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. போட்டுவிட்டு அப்படியே குனிந்து, மத்தியானம் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நான் அந்தக் கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அப்போதுதான் பை கண்ணில் பட்டது. கரையை விட்டுத் தள்ளி ஒரு மரக்கிளையில், உயரத்தில், வாரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்.

"அப்பா நமக்குத் தெரியட்டும்னுதான் கட்டிவச்சிட்டுப் போயிருக்காவ. தம்பிய பக்கத்துல எங்கயாவது ஒரு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாவ" என்றேன். அவள் நம்பினாள். எனக்குப் பாதிதான் நம்பிக்கை. பையைக் கட்டிவிட்டு ஆள் தண்ணீரில் இறங்கியிருக்கவும் கூடும் இல்லையா? அப்படியானால் மகன் எங்கே, அவனைப் பையோடு கட்டிவைக்க முடியாதே. அதை அவளிடம் சொல்லவில்லை.

மழை தூறலாகிவிட்டது. தண்ணீர் மட்டும் குறைந்த மாதிரியே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து ரப்பர் மரங்களுக்கு நடுவில் அசைவு தெரிந்தது. மூன்று ஆண்கள் வந்தார்கள். இரண்டு பேர் தோளில் கயிறு. மூன்றாவது ஆள் அவர். அவர் கையில் மகன் இல்லை.

"பிள்ள எங்க?" என்று கத்தினேன். கேட்கவில்லை. கையை இடுப்பளவு உயரத்தில் வைத்து, சின்னவன், சின்னவன் என்று காட்டினேன். அவருக்குப் புரிந்தது. தலையைச் சாய்த்து, கன்னத்தின் கீழ் கையை வைத்து, கண்ணை மூடிக் காட்டினார்.

இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் ஏன் சும்மா நிற்கிறார், ஏன் அழவில்லை என்று மட்டும் யோசித்தேன். மகள் என்னைப் பிடித்து உலுக்கினாள். கயிறு கொண்டுவந்தவர்களில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு என் கணவரின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு எனக்குத் தெரியும்படி முன்னால் வந்து, குழந்தை டம்ளரில் சாயா குடிப்பது போலக் குடித்துக் காட்டி, வயிற்றைத் தடவி, அதன்பிறகு தூங்குவது போலக் காட்டினார். சிரித்தும் காட்டினார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தூங்குகிறான் என்றுதான் என் கணவர் சொல்லியிருக்கிறார். நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் உடனே வரவில்லை. பெரியவர் தண்ணீருக்குள் ஒரு கல் இருந்த இடத்தைக் காட்டி, இரு என்று கையமர்த்தினார். அந்தக் கல்லின் தலை வெளியே தெரிய இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு கயிற்றை மரத்தில் கட்டி இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். பெரியவர் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டார். "பேடிக்காண்டாம் மக்ளே, கண்ண மூடிக்கோ" என்றார். மலையாளம் கலந்த மேற்குப் பக்கத்துப் பேச்சு. அவள் கண்ணை மூடவில்லை. நான் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பாதத்துக்கு அடியில் கற்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. என் கணவர் அந்தக் கரையிலிருந்து இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கட்டடம் ஒன்று இருந்தது. உள்ளே கதகதப்பு. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை செய்கிற ஒரு அம்மா, என் மகனைத் தன் உலர்ந்த சேலையில் சுற்றி மடியில் போட்டிருந்தார். நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தைத் தொட்டேன், சூடாக இருந்தது. அந்த அம்மா கட்டன்சாயா ஊற்றித் தந்துவிட்டுத் திட்டத் தொடங்கினார். "பிள்ளியளக் கொண்டுகிட்டு இந்தக் காலத்துல ஆராவது மல ஏறுவாளா? ஈர ஓதம் பிடிச்சு, ஒதடு நீலமா கெடந்தான் பாத்துக்கோ. இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா என்னாவும்?" அவர் திட்டத் திட்ட எனக்கு நன்றாக இருந்தது.

என் கணவர் வாசலில் நின்றார். கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாக நகக் கீறல்கள்.

"ரெண்டு தடவ அவன எறக்கி விடப் பாத்தேன். கழுத்த விடல்ல. பிச்சு எடுத்தாலும் விடல்ல. அவன் விட்டிருந்தா நான் வந்திருப்பேன்" என்றார். "பொறவு அவனுக்கு நடுக்கம் கண்டுட்டு. மஞ்சுல உங்களக் காணோம். இருக்கியளா இல்லியான்னு தெரியாமத்தான் போனேன்ட்டி" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனது சரிதான் என்று சொன்னேன். சரியேதான். ஆனாலும் அந்தப் பாறை வெறுமையாகத் தெரிந்த நிமிடத்தை நான் அவருக்கு இன்றுவரை முழுதாக மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். தப்பு அவர் மேல் இல்லை. மன்னிக்க அங்கே எதுவும் இல்லை. இருந்தாலும் அது அப்படியே கிடக்கிறது.

கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். மகன் அவர் மடியிலேயே தூங்கி வந்தான், எழுந்ததும் என்னிடம் தாவி வந்துவிட்டான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அதன் பிறகு இரண்டு வாரத்தில் அவரோடு கடைக்குப் போய்வரும் அளவுக்குப் பழகினான். அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய் அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, திராட்சைப் பழம் போல வீங்கித் தொங்கியது. உப்பை வைத்ததும் சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்காமல் மெல்லியதாக வழிந்துகொண்டே இருந்தது. அந்தச் சின்ன ரத்தத்தைப் பார்த்து, அன்று முழுக்க வராத அழுகை எனக்கு வந்தது.

"வலிக்கவே இல்லம்மா. நீ எதுக்கு அழுக?" என்றாள். பஞ்சை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். "நான் துப்பட்டாவப் பிடிக்கல்லன்னா நீ தண்ணியில எறங்கியிருப்பியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல்ல மக்கா" என்றேன்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே அவர், வெந்நீர் கொதித்துவிட்டது, எடுத்து ஊற்றட்டுமா என்று கதவைத் தட்டினார்.